எந்தப் பாரம்னு தெரியாம எப்படி இறக்கி வைக்கிறது?

1/
"டாக்டரம்மா, நெஞ்சுல யாரோ கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

வாரத்துக்கு நாலு பேராவது இந்த வாக்கியத்தோடதான் என் அறைக்குள்ள வர்றாங்க. இந்தப் பதிவு அவங்களைப் பத்தியும், அந்தக் கல்லைப் பத்தியும். கொஞ்சம் நீளம். ஒரு டீயோட உக்காந்து பொறுமையா படிங்க.

2/
மருத்துவரா முதல்ல சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். நெஞ்சு பாரம்னா முதல்ல ஈசிஜி, ஜெபம் கூடவே நடக்கட்டும். பாரம் இடது கைக்கோ தாடைக்கோ பரவினா, வேர்த்துக் கொட்டினா, மூச்சு வாங்கினா உடனே 108. சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாம வெறும் பாரமா, அசதியா வரலாம். "வாயு"ன்னு சோடா குடிச்சுட்டு காத்திருக்காதீங்க.

3/
ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ரத்த அளவு எல்லாம் பார்த்து "எல்லாம் நார்மல்"னு சொல்லும்போது சிலர் முகத்துல சந்தோஷம் வராது. ஏமாற்றம்தான் வரும். "அப்போ இந்தப் பாரம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதயத்தில் ஒன்றும் இல்லை என்பதற்காக, மனிதனிடம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

4/
நான் ஒரு கிறிஸ்தவள். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். (எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம்.) இயேசு பாரம் சுமக்கிறவர்களை "என்னிடம் வாருங்கள்" என்று அழைக்கும் மத்தேயு 11ஆம் அதிகாரத்தை எங்க ஊர்ல சுவரிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

நீங்க வேற நம்பிக்கையில் இருக்கலாம். நம்பிக்கையே இல்லாமலும் இருக்கலாம். பரவாயில்லை, கூடவே வாங்க.

5/
அந்த அழைப்பு உண்மை என்று நான் நம்புகிறேன். ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. அதே வசனத்தைக் கேட்ட ஒருத்தர் லேசாகிப் போறார். இன்னொருத்தர் முன்னைவிடக் கனமாகிப் போறார். ஏன்?

இத்தனை வருஷப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த பதில் இது: எல்லாப் பாரமும் ஒரே பாரம் இல்லை. எது என்று கண்டுபிடிக்காமல் மருந்து கொடுத்தால், வேதவசனம் கூடத் தப்பான மாத்திரை ஆகிவிடும்.

6/
காய்ச்சல்னு வந்தா நாங்க எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்லை. டெங்குவா, டைஃபாய்டா, எலிக்காய்ச்சலா என்று பார்ப்போம். டெங்குவுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து. மனபாரத்துக்கும் இதே கணக்குதான்.

ஐந்து வகை சொல்றேன். உங்களுடையது எதுன்னு பாருங்க. சிலருக்கு ரெண்டு மூணு கலந்தும் இருக்கும். (நோயாளிகள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

7/
*முதல் வகை: நிஜமாகவே செய்த தப்பு.*

ஐம்பது தாண்டிய ஒரு வியாபாரி. மூணு மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குப் படபடப்பு, அப்புறம் விடியும்வரை முழிப்பு. எல்லாப் பரிசோதனையும் பார்த்தாச்சு. நாலாவது தடவை வந்தபோது, "என்னண்ணாச்சி, தூங்கவிடாம எது எழுப்புது?" என்று கேட்டேன்.

8/
கதவைப் பார்த்தார். மனைவி வெளியில் மருந்துச் சீட்டோடு நின்றார். மெதுவா சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னாடி, தங்கச்சி உடம்பு சரியில்லாம படுத்திருந்த நேரத்துல, "பேங்க் காகிதம்"னு சொல்லி அவள் பங்கு நிலத்தைத் தன் பேருக்குக் கையெழுத்து வாங்கிட்டார்.

"தினமும் ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேக்கேன் டாக்டரம்மா. பாரம் இறங்க மாட்டேங்கு."

"தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?"

பதில் இல்லை.

9/
இங்கேதான் நிறையப் பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. கிறிஸ்தவத்தில் மன்னிப்பு இலவசம்தான். ஆனா பாதிக்கப்பட்டவரைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் ரோடு அது இல்லை. காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்கு, சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு (மத்தேயு 5).

10/
லூக்கா 19இல் வரும் சகேயுவைப் பாருங்க. வரி வசூலிப்பில் சுரண்டிச் சேர்த்த பணக்காரன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தபோது அவன் கண்ணீர் விட்டதாக எங்கேயும் எழுதவில்லை. கணக்குச் சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறது. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார்.

11/
அண்ணாச்சி ஆறு மாசம் கழிச்சு வந்தார். நிலத்தைத் தங்கச்சி பேருக்கே எழுதிப் பதிவு பண்ணிக் கொடுத்துட்டாராம். தங்கச்சி பத்திரத்தை வாங்கிக்கிட்டா, ஒரு வார்த்தை பேசலையாம்.

"ஆனாலும் தூங்கறேன் டாக்டரம்மா."

பிபி மாத்திரை இன்னும் போடுகிறார், போட்டுத்தான் ஆகணும். இதை "ஜெபத்தால் பிபி குணமானது" என்று யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. குணமானது தூக்கம். அது சின்ன விஷயம் இல்லை.

12/
இந்த வகைப் பாரத்துக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் அது மரத்துப்போகுமே தவிர இறங்காது. பேசாமல் அடக்கி வைத்த குற்றம் எலும்பு வரைக்கும் உலர்த்தும் என்று 32ஆம் சங்கீதம் கிட்டத்தட்ட ஒரு நோயாளியின் குறிப்பு போலவே சொல்கிறது. மருந்து: உண்மையைச் சொல்வது, மன்னிப்பைப் பெறுவது, முடிந்ததைத் திருப்பிக் கொடுப்பது. மூணும் சேர்ந்து ஒரே கோர்ஸ். பாதியில் நிறுத்தக் கூடாது.

13/
*இரண்டாம் வகை: செய்யாத தப்பின் பாரம்.*

"இன்னும் ஒரு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா?" "அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாம இந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?" துக்க வீட்டில் பிறக்கிற பாரம் இது. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் இந்தக் கேள்வி கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை.

இதைப் பற்றி வெளியிலிருந்து பேச எனக்கு முடியாது. நானே சுமந்திருக்கிறேன்.

14/
2021 மே மாதம். நான் சென்னையில் கோவிட் வார்டில். அம்மா நாசரேத் பக்கத்தில் எங்கள் கிராமத்தில். மார்ச் மாசமே 60 வயது தாண்டியவர்களுக்கு ஊசி போட ஆரம்பித்தாச்சு. நான் மூணு தடவை போன் பண்ணிச் சொன்னேன்.

"ஈஸ்டர் முடியட்டும் மக்கா. ஊசி போட்டுக் காய்ச்சல்ல படுத்துட்டா பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்கு யாரு போவா?"

15/
அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 4. அது முடிந்து, பக்கத்து வீட்டில் ஒரு சடங்கு. அது முடிந்து ஊசி இருப்பு இல்லை என்றார்கள். மே மாதம் முதல் வாரத்தில் காய்ச்சல். ஆக்சிஜன் அளவு 84. அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றிய அதே நாள் எனக்கும் பாசிட்டிவ். நான் ஒரு ஹாஸ்டல் அறையில் தனியாக, அம்மா 600 கிலோமீட்டருக்கு அப்பால் தனியாக.

16/
ஐந்தாவது நாள் போனார்கள். அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தேன். பிபிஇ கிட் போட்ட நாலு பேர், ஐயர் ஒருவர், தூரத்தில் என் தம்பி. பாட்டு இல்லை. எங்க ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குப் பாடிக்கொண்டேதான் போவோம். எத்தனையோ வீட்டுச் சாவுக்கு முன்வரிசையில் நின்று பாடின அம்மாவுக்குப் பாட ஆள் இல்லை.

17/
அதுக்கப்புறம் ஏழு மாசம் நான் சுமந்தது துக்கம் என்று நினைத்தேன். துக்கத்துக்கு மேல் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. "எத்தனை பேரைக் காப்பாத்தின? பெத்தவளைக் காப்பாத்த முடியலையே." வார்டில் யாராவது தேறி டிஸ்சார்ஜ் ஆகும்போது மத்தவங்க கை தட்டுவாங்க. நான் கழிப்பறைக்குள் போய் நின்னுடுவேன்.

18/
கோயில் திறந்தபிறகு ஞாயிறு தவறாமல் போனேன். எங்கள் சிஎஸ்ஐ ஆராதனை முறையில், எல்லோரும் முழங்கால்படியிட்டுப் பாவ அறிக்கை சொல்வோம். பிறகு போதகர் பாவமன்னிப்பைக் கூறுவார். நான் ஒவ்வொரு வாரமும் அம்மாவின் சாவை அந்த அறிக்கைக்குள் வைத்தேன். மன்னிப்பு கூறப்பட்டது. பாரத்தோடயே வீட்டுக்கு வந்தேன். வாரா வாரம் அதே கதை.

19/
சொந்தக்காரர்களும் சபையாரும் ஆறுதல் சொன்னார்கள். "தேவ சித்தம்மா." "நாம இன்னும் விசுவாசத்தோட ஜெபிச்சிருக்கணும்." ரெண்டாவது வாக்கியத்தைச் சொன்னவர் நல்ல மனசுக்காரர், என்னைக் குத்தணும்னு சொல்லவில்லை. ஆனா குத்தியது. ஏற்கனவே இருந்த கல்லுக்கு மேல இன்னொரு கல்.

20/
அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். சின்ன வயசுல எனக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்த ஐயர், இப்போ ஓய்வுபெற்று அங்கேயே இருக்கிறார். (போதகரை எங்க ஊரில் ஐயர் என்போம்.) அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு மாசமா அறிக்கை பண்றேன், ஏன் இறங்கல என்று கேட்டேன்.

21/
அவர் ரொம்ப நேரம் பேசாம இருந்தார். பிறகு கேட்டார்.

"ஊசி போடச் சொன்னியா?"
"சொன்னேன்."
"எத்தனை தடவ?"
"மூணு."
"அப்போ எந்தப் பாவத்தை நீ அறிக்கை பண்ற?"

நான் விழித்தேன்.

"யம்மா, செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு கிடையாது. ஏன்னா அங்க மன்னிக்கதுக்கு ஒண்ணுமே இல்ல. உனக்கு வேண்டியது மன்னிப்பு இல்ல. நீ இன்னும் ஒரு தடவகூட ஒழுங்கா அழல."

22/
நாற்பது வயதுப் பெண், எம்.டி. படித்தவள், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஜெபம் கூடச் சொல்லவில்லை. அவர் மனைவி ஒரு சொம்புத் தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு இறங்கியது எது என்று எனக்குத் தெரியும். துக்கம் இல்லை. அது இன்னும் இருக்கிறது, இருக்க வேண்டும். குற்றவாளிக் கூண்டுதான் இறங்கியது.

23/
மருத்துவரா இதற்கு விளக்கம் சொல்றேன். முடிவு தெரிந்தபிறகு, "இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்" என்று நம் மூளை நம்ப வைக்கும். 1975இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதனை மூலம் காட்டினார். முடிவைச் சொல்லிவிட்டால், அது நடக்கத்தான் போகிறது என்பது ஆரம்பத்திலேயே வெளிச்சமாகத் தெரிந்ததுபோல் மக்கள் மதிப்பிடுகிறார்கள். மே மாதத்து அறிவை வைத்து மார்ச் மாதத்து நம்மைத் தண்டிக்கிறோம்.

24/
ஃபிஷ்ஹாஃப் விளக்கம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் இறங்கவில்லை. அழுவதற்கு அனுமதி கிடைத்தபோதுதான் இறங்கியது. அந்த அனுமதி வேதாகமத்திலேயே தாராளமாக இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் கூட இல்லை. "புலம்பல்" என்றே ஒரு புத்தகம், ஐந்து அதிகாரம். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைப் பக்கம் அழுதார்.

துக்க வீட்டில் விசுவாசத்தின் மொழி சில நேரம் அழுகைதான்.

25/
*மூன்றாம் வகை: அடுத்தவர் நமக்குச் செய்தது.*

கை எலும்பு முறிந்து வந்த ஒரு பெண். "குளியலறையில வழுக்கிட்டேன்" என்றார். எக்ஸ்ரேயில் பழைய முறிவு ஒன்றும் சேர்ந்தது. மெல்லப் பேசியபிறகு வெளியே வந்தது, கணவர். "மன்னிச்சு ஒத்துப் போம்மா, சிலுவையைச் சுமக்கணும்னு சொல்றாங்க." தன் கோபத்தையே பாவமாக நினைத்து, அதற்காக உபவாசம் இருந்தார்.

26/
மன்னிப்பது வேறு, மறுபடி அடிவாங்கக் கதவைத் திறந்து வைப்பது வேறு. ஆதியாகமத்தில் யோசேப்பைப் பாருங்க. தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரை அவன் மன்னித்தான். ஆனா அவர்கள் தானியம் வாங்க வந்து நின்றதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. ஒருவனைக் காவலில் வைத்தான், பென்யமீன் மூட்டையில் வெள்ளிக் கோப்பையை வைத்துச் சோதித்தான். தம்பியை இன்னொரு தடவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தபிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். மன்னிப்பு கொடுக்கப்படுவது. நம்பிக்கை சம்பாதிக்கப்படுவது.

27/
எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், கிறிஸ்தவர், மன்னிப்பை ஆராய்ச்சி செய்தவர். 1990களில் அவருடைய தாய் வீட்டுக்குள் புகுந்த ஒருவனால் கொல்லப்பட்டார். ஆராய்ச்சியைத் தன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டிய நிலை. மன்னிக்க முடிவெடுப்பது ஒன்று, உணர்வு மாறுவது இன்னொன்று என்று அவர் பிரிக்கிறார். முதலாவது ஒரே நாளில் நடக்கலாம். இரண்டாவதுக்குக் காலம் பிடிக்கும். முடிவெடுத்தபிறகும் கோபம் வந்தால், "நான் மன்னிக்கவே இல்லையோ" என்று பயப்படாதீங்க.

28/
அந்தப் பெண் இப்போ அம்மா வீட்டில், தையல் வேலை பார்க்கிறார். பழி வாங்கும் எண்ணத்தைக் கடவுளிடம் விட்டாச்சு என்கிறார். கணவரிடம் திரும்பவில்லை. கையும் மனசும் ஒருசேரத் தேறின.

இந்த நிலையில் யாராவது இருந்தால்: பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது விசுவாசக் குறைவு ஆகாது.

29/
*நான்காம் வகை: சாப பயம்.*

மூணு முறை கரு கலைந்த ஒரு பெண். "பரம்பரைச் சாபம், கட்டை உடைக்கணும்" என்று யாரோ சொல்லி, ஊர் ஊராகப் போய் ஜெபக் கூட்டங்களில் நின்று களைத்து வந்தார். மாமியார் வீட்டில் பேச்சு வேற. தாத்தா செய்த பாவமெல்லாம் தோண்டியாச்சு.

30/
சாப பயத்துக்கு வேதாகமமே பதில் வைத்திருக்கிறது. எசேக்கியேல் 18 அப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று அதிகாரம் முழுக்க வாதாடுகிறது. யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்டார்கள்: இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்றார். இதற்கு மேல் என்ன வேணும்?

31/
இனி மருத்துவம். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் கலைபவை. அதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பக் கலைந்தால் சில பரிசோதனைகள் உண்டு. இந்தப் பெண்ணுக்கு ரத்தம் எளிதில் உறையும் ஒரு வகை எதிர்ப்பொருள் கோளாறு இருந்தது. அதற்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் இருக்கிறது. மகப்பேறு நிபுணரிடம் அனுப்பினேன்.

"அப்போ சாபம் இல்லையா?" என்று நாலு தடவை கேட்டார். இல்லம்மா. நாலு தடவையும் அதே பதில்.

32/
*ஐந்தாம் வகை: நோய்.*

மனச்சோர்வு நோய் என்று ஒன்று உண்டு. ரெண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள் முழுக்க மனம் இருண்டு கிடப்பது, எதிலும் ஆர்வம் இல்லாமை. கூடவே தூக்கம், பசி கெடுவது, அசதி, கவனம் சிதறுவது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம், சாவு நினைப்பு. கவனிங்க: குற்ற உணர்வே இதன் ஒரு அறிகுறி. அதனால்தான் இவர்களிடம் போய் "மனந்திரும்பு" என்பது ஆபத்து. எரிகிற வீட்டில் எண்ணெய்.

33/
1 இராஜாக்கள் 19. எலியா தீர்க்கதரிசி, பெரிய வெற்றிக்குப் பிறகு வனாந்தரத்தில் ஒரு செடிக்கடியில் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். கடவுள் என்ன செய்தார்? பிரசங்கம் இல்லை, கண்டிப்பு இல்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூக்கம். மறுபடி சாப்பாடு. பேச்சுவார்த்தை நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான். நான் படித்த மனநல முதலுதவிப் பாடங்களில் இதுதான் ரொம்பப் பழசு.

34/
ஸ்பர்ஜன் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க, லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார். 1856 அக்டோபர் 19, சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கிக்கும்போது யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். தீயே இல்லை. அவருக்கு வயது 22. அது அவரை உலுக்கியது. வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு வந்து வந்து போனது. அதை அவர் மறைக்கவில்லை, தன் மாணவர்களுக்கே வெளிப்படையாகப் பேசினார். அவருக்கா விசுவாசம் குறைவு?

35/
மனச்சோர்வு மாத்திரை அடிமைப்படுத்தாது. பலன் தெரிய ரெண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். நல்லாயிட்டேன்னு நீங்களே நிறுத்தாதீங்க, மருத்துவர் சொல்லும்வரை தொடரணும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இலவச மருந்தும் உண்டு. இன்சுலின் போடுகிற விசுவாசியை யாரும் சந்தேகிப்பதில்லை. இதையும் அப்படியே பாருங்க.

36/
சரி, எல்லாம் இறங்கினபிறகு மனுஷன் வெறுங்கையோடு நடப்பானா? கலாத்தியர் 6இல் ஒரு விசித்திரம் இருக்கு. 2ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைத்தான் சுமப்பான் என்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், பாரம். மூல கிரேக்கத்தில் வேறு வேறு. முதலாவது "பாரோஸ்", நசுக்குகிற எடை. இரண்டாவது "ஃபோர்தியோன்", ஒரு ஆள் தூக்கக்கூடிய மூட்டை.

37/
மத்தேயு 11இல் இயேசு தன்னுடையது லேசான சுமை என்று சொல்லும் இடத்திலும் அதே "ஃபோர்தியோன்"தான். ஆக, சுமையே இல்லாத வாழ்க்கையை அவர் வாக்களிக்கவில்லை. பக்கத்தில் நுகத்தையும் சொல்கிறார். உழவு மாடு பார்த்தவங்களுக்குத் தெரியும், நுகத்தடியில் ரெண்டு மாடு. புது மாட்டைப் பழகின மாட்டோடதான் பூட்டுவாங்க. இழுவையில் பாதிக்கு மேல் பழகினது எடுத்துக்கும். புதுசு கூட நடந்தே கத்துக்கும். எனக்குப் புரிந்த கிறிஸ்தவ விடுதலை அது. அம்மா இல்லாத வீட்டுக்கு லீவுல போறது இன்னும் கனம்தான். தூக்க முடிகிற கனம்.

38/
இந்த வாரம் ஒன்று செய்யுங்க. ஒரு தாளில் உங்க பாரத்தை ஒரே வரியில் எழுதுங்க. பக்கத்தில் எழுதுங்க: நான் செய்ததா, செய்யாததா, எனக்குச் செய்யப்பட்டதா, யாரோ பயமுறுத்தியதா, நோயா? தெரியலைன்னா, தீர்ப்புச் சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்க. நல்ல போதகரோ, மருத்துவரோ, பால்ய சிநேகிதியோ. கேள்வி கேட்குமுன் பதில் சொல்கிறவர் என்றால் எழுந்து வந்துடுங்க.

39/
சபைகளில் ஆறுதல் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வசனத்தை எடுக்குமுன் ரெண்டு கேள்வி கேளுங்க: "தூங்கினீங்களா? சாப்பிட்டீங்களா?" மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க. "சாகணும் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் தனியா விடாதீங்க, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க.

40/
சாவு நினைப்பு உங்களுக்கே இருந்தால், இதைப் படித்து முடிக்கக்கூடக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104க்கும் கூப்பிடலாம். போன் எடுக்கத் தெம்பு இல்லைன்னா, பக்கத்தில் இருக்கிற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. அடுத்தவர் பாரம் சுமப்பது என்பது சில நேரம் நம்பரை டயல் பண்ணிக் கொடுப்பதுதான்.

யாருக்காவது பயன்படும்னு தோணினா பகிருங்க.